ஏற்காடு காப்பித் தோட்டம்: ஒரு ஏக்கருக்கு நிவாரணம் இவ்வளவுதானா?

காப்பிக்காட்டான்:
2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டில் எங்கள் தோட்டம் பாதி போச்சு. பறிக்க இருந்த பழம் வெடித்துக் கொட்டியது ஒரு பக்கம், மேல் சரிவு இறங்கி மிளகுக்கொடி ஏற்றியிருந்த சில்வர் ஓக் மரங்களை வேரோடு இழுத்துக்கொண்டு போனது இன்னொரு பக்கம். மொத்தம் ஒரு ஏக்கர்தான், அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கூட்டுப்பட்டா. பெரியப்பா டவுனில் செட்டில் ஆகிவிட்டார், பாடுபடுவது எல்லாம் அப்பா. அவர் கணக்கில் ஏறியது 4,500 ரூபாய்ச் சொச்சம். ஹெக்டேருக்கு 22,500 என்றுதானே அறிவித்தார்கள்? நடுவில் யாராவது கை வைத்துவிட்டார்களா?

மலையடிவாரம்:
கை எல்லாம் வைக்கலைங்க தம்பி, கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர் 0.405 ஹெக்டேர், அப்போ 9,100 சொச்சம். கூட்டுப்பட்டா என்பதால் ஆளுக்குப் பாதி பிரித்திருப்பார்கள். மீதி பெரியப்பா கணக்குக்குப் போயிருக்கும், முதலில் அவரைக் கேளுங்க. யார் பாடுபட்டார்கள் என்பதை பட்டா பேசாது.

வாழப்பாடி மரவள்ளி:
உங்களுக்காவது மரப்பயிர் விலை. எனக்கு போர்வெல் இருக்கிறது, ஆனால் அடங்கலில் (விஏஓ வைத்திருக்கும் பயிர்க் கணக்கு) மானாவாரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் பாசனப் பயிருக்கான ஹெக்டேருக்கு 17,000 என்ற கணக்கு 8,500 ஆகிவிட்டது. அதற்கும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று அவர்கள் எழுதினால்தான் உண்டு. மரவள்ளியில் தண்ணீர் நின்றால் மேலே இலை பச்சையாகவே இருக்கும், அடியில் கிழங்கு அழுகி நாறும். கணக்கெடுக்க வந்தவர் வரப்பில் நின்றே "செடி நல்லாத்தானே இருக்கு" என்றார், நான் ஒரு செடியைப் பிடுங்கி நசுக்கிக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்து போட்டோ எடுத்தார். கணக்கெடுக்க வரும் அன்றைக்கு காட்டில் ஆள் இல்லை என்றால் கதை முடிந்தது.

மலையடிவாரம்:
அடங்கலை இப்போதே மாற்றுங்க, அடுத்த புயலுக்கு முன்னால். ஜமாபந்தியில், அதாவது தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில், மனு கொடுத்தால் கொஞ்சமாவது நகரும்.

சேர்வராயன் காத்து:
காப்பிக்காட்டான், மண் சரிந்ததை யாருமே கவனிக்கவில்லையே. பயிருக்குக் கொடுப்பது வேறு, நிலமே போனதற்குக் கொடுப்பது வேறு. 2022-26 பேரிடர் நிதி விதிமுறையில் நிலச்சரிவில் நிலம் பெரும்பகுதி போன சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 வரை இடம் இருக்கிறது, பட்டா சொந்தமாக இருக்க வேண்டும். ஊர் முழுக்க பயிர்க் கணக்கு மட்டும் எழுதிக்கொண்டு போவார்கள், கேட்காமல் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சரிந்த இடத்து போட்டோ, சர்வே எண், சிட்டா வைத்து தாசில்தாருக்கு எழுதி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள்.

காப்பிக்காட்டான்:
நன்றி அண்ணா. சரிவு போட்டோ போனில் இருக்கிறது, திங்கள்கிழமை எழுதிக் கொடுக்கிறேன். பெரியப்பாவுக்கு போன் போட்டேன், அவர் கணக்கிலும் அதே தொகை வந்திருக்கிறதாம். கேட்டால் கொடுப்பாரா என்பது எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.