ப்ராக் வாக்கிங் டூர்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

போன மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு செக் நாட்டின் தலைநகர் ப்ராக் போய் வந்தேன். நான்கு நாள் இருந்தோம், அதில் இரண்டு நாள் கைடோடு நடந்தோம். அடுத்த வருடம் என் தங்கை குடும்பத்தோடு போகிறாள், எந்த டூர் எடுக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என் அனுபவத்தை எழுதிவிடுகிறேன், போனவர்கள் உங்களுடையதையும் சேருங்கள்.

முதல் நாள் எடுத்தது இலவச வாக்கிங் டூர். கட்டணம் கிடையாது, முடிந்ததும் நாமாகக் கொடுக்கும் டிப்ஸ்தான். பழைய நகரச் சதுக்கத்தில் கலர் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அங்கே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் குழுவில் 34 பேர். கிளம்பும் முன் எல்லோரையும் நிற்க வைத்து கைடு ஒரு போட்டோ எடுத்தார். ஞாபகத்துக்கு எடுக்கிறார் என்று நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் வந்த கைடுதான் விவரம் சொன்னார்: இந்த மாதிரி டூரை நடத்தும் சில நிறுவனங்களுக்கு, வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கைடுதான் பணம் கட்ட வேண்டுமாம், அந்தத் தலைக்கணக்குக்குத்தான் போட்டோ. நாம் பாதியில் நழுவினால் அவர் கைக்காசு போகிறது. அதனால் இலவசம் என்று போகிறவர்கள் தயவுசெய்து மனதுக்குள் ஒரு தொகையை வைத்துக்கொண்டு போங்கள்.

அந்தப் பையன் நன்றாகத்தான் பேசினான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் 34 பேருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும், கத்தினால் கதை சுருங்கிப்போகிறது. முழங்கால் வலியோடு பின்னால் வந்த அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சதுக்கத்து நகர மன்றக் கோபுரத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தின் கீழே கூட்டமான கூட்டம். மணிக்கு மணி எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணியடிக்கும், மேலே இரண்டு சன்னல் திறந்து இயேசுவின் 12 சீடர்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், கடைசியில் சேவல் கூவும். இதைச் செய்த ஹனுஷ் என்பவர் வேறு ஊருக்கு இதுபோல் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்றான் கைடு. "தாஜ்மகால் கட்டினவன் கையை வெட்டின கதை மாதிரியே இருக்கே" என்றார் அம்மா. மறுநாள் அந்தச் சந்தேகம் சரிதான் என்று தெரிந்தது. கடிகாரம் 1410இல் கடான் ஊர் மிகுலாஷ் செய்தது, குருடாக்கிய கதை ஜனங்கள் பிற்பாடு கட்டியது. இன்றைக்கு நாம் பார்க்கும் சீடர் பொம்மைகளே பழையவை இல்லை. 1945 மே மாதம், போர் முடிகிற தறுவாயில், நகர மன்றம் தீப்பிடித்து எரிந்தபோது கடிகாரமும் சேதமாகி, அதற்கப்புறம் புதிதாகச் செதுக்கி வைத்தவை.

சரி, இரண்டாவது நாள். பணம் கட்டிய டூர், மொத்தம் 8 பேர். கைடு அந்த ஊர்ப் பெண்மணி, அறுபதுக்கு மேல் இருக்கும், குரலை உயர்த்தவே இல்லை. காலை 7 மணிக்கே அதே சதுக்கத்துக்கு வரச் சொல்லியிருந்தார். வணக்கம் சொன்ன கையோடு நகர மன்றத்தின் கிழக்குச் சுவரோரம் கூட்டிப்போய், "கொஞ்சம் கீழே பாருங்கள்" என்றார். கருங்கல் தரையில் வெள்ளைக் கல்லால் பதித்த சிலுவைகள், மொத்தம் 27. முந்தின நாள் வெயிலுக்கு ஒதுங்கி நாங்கள் நின்ற அதே இடம். அம்மா ஒரு சிலுவை மேல் நின்றுகொண்டிருந்தார், சட்டென்று காலை எடுத்துத் தள்ளி நின்றார்.

1618இல் ப்ராக் கோட்டையில், பேரரசரின் அதிகாரத்தை எதிர்த்த உள்ளூர்ப் பிரபுக்கள் அவருடைய ஆட்களில் மூன்று பேரை சன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள். அதில் விழுந்த எழுத்தருக்குப் பேரரசர் பின்னால் பிரபுப் பட்டம் கொடுத்தார், 'உயரத்திலிருந்து விழுந்தவர்' என்று பொருள் வரும் பட்டம்! அங்கே ஆரம்பித்த கலகம் 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் தோற்றது. 1621 ஜூன் 21 விடியற்காலையில் கலகத் தலைவர்கள் 27 பேரை இந்த இடத்தில் வரிசையாகக் கொன்றார்கள், 24 பேருக்கு வாள், 3 பேருக்குத் தூக்கு. சுவரில் பெயர்ப் பலகை இருக்கிறது. அந்தப் பெண்மணி அதில் ஒரே ஒரு பெயரில் விரலை வைத்தார். யான் யெசெனியுஸ், மருத்துவர், பல்கலைக்கழகத்தின் ரெக்டர். 1600இல் இதே ஊரில் ஊரார் பார்க்க மனித உடலை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்தியவர். அவருடைய நாக்கை முதலில் அறுத்துவிட்டுத்தான் தலையை வெட்டினார்கள். என் அம்மா நர்ஸாக முப்பது வருடம் வேலை பார்த்தவர். அந்தப் பலகை முன்னால் வெகு நேரம் நின்றார், நாங்களும் காத்திருந்தோம், 8 பேர் என்பதால் அது முடிந்தது.

அப்புறம் சார்லஸ் பாலம். 1357இல் தொடங்கியது, 516 மீட்டர், இருபுறமும் 30 சிலைகள். அதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். பாலத்தில் ஏறும் முன் கோபுரத்தடியில் நிறுத்தி, காலையில் பார்த்தோமே அந்த 27 பேரில் 12 பேருடைய தலைகள் 10 வருடம் இதில்தான் தொங்கின என்றார். மேலே பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை.

* * *

அக்கா, நான் ஜெர்மனியில் டிரெஸ்டனில் படிக்கிறேன், அங்கிருந்து ப்ராக் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். மூன்று தடவை போயிருக்கிறேன். கீழே பார்க்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கும் அதுதான் நடந்தது, யூதர் குடியிருப்பான யோசெஃபோவில்.

முதல் தடவை எடுத்த டூரில் அந்தப் பகுதிக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். கோலெம் என்கிற களிமண் மனிதன் கதையைச் சொல்லி, மதிலுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே போகத் தனி டிக்கெட் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். டூர் விவரத்தில் 'யூதர் குடியிருப்பு' என்று இருந்தால் உள்ளே கூட்டிப்போகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் ஏமாந்தது அதில்தான்.

இரண்டாம் தடவை டிக்கெட்டோடு சேர்த்து ஒரு கைடை எடுத்தேன். பிங்காஸ் ஜெப ஆலயத்துக்குள் போனால் சிலையோ படமோ கிடையாது, சுவர் முழுக்கப் பெயர்கள். சிவப்பும் கறுப்புமாகக் கையால் எழுதியவை. செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதிகளில் நாஜிகள் காவு வாங்கிய யூதர்கள், கிட்டத்தட்ட 80,000 பேர். பக்கத்தில் போனால் குடும்பப் பெயர், பெயர், தேதி என்று தெரிகிறது, இரண்டடி பின்னால் வந்தால் வெறும் சாம்பல் நிறச் சுவர். 1950களில் எழுதினார்கள், 1968இல் ஈரம் ஏறிவிட்டது என்று மூடினார்கள், கம்யூனிஸ்ட் ஆட்சியில் பூச்சோடு பெயர்களும் போய்விட்டன. 1989இல் அந்த ஆட்சி விழுந்த பிறகு, 1992 முதல் 1996 வரை உட்கார்ந்து அத்தனை பேரையும் மறுபடி எழுதியிருக்கிறார்கள். மாடியில் தெரெசின் முகாமில் இருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸ் என்ற ஆசிரியை முகாமுக்குள் ஓவியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 1944இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றி அனுப்பும் முன் அவர் விட்டுச் சென்ற இரண்டு பெட்டிகளில் இருந்த படங்கள் ஏறத்தாழ 4,500. ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு முன்னால் நான் உடைந்துவிட்டேன். கைடு என்னைத் தேற்ற வரவில்லை, வெளியே போய்க் காத்திருந்தார். அதற்கு அவருக்கு இன்றும் நன்றி.

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது அவர் குனிந்து, நடைபாதையில் பதித்திருந்த பித்தளைக் கல் ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்தார். உள்ளங்கை அளவுதான், பத்து சென்டிமீட்டர். முதல் வரியில் செக் மொழியில் 'இங்கே வாழ்ந்தார்'. கீழே பெயர், பிறந்த வருடம், நாஜிகள் கொண்டுபோன வருடம். டிரெஸ்டனில் என் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குள் இதே மாதிரி மூன்று கல் இருக்கிறது, ஒன்றரை வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். திரும்பி வந்த அன்றைக்கே மூன்றையும் குனிந்து படித்தேன்.

* * *

எல்லோரும் பழைய நகரத்தையே சொல்கிறீர்கள். ப்ராகுலிக் என்று ஒன்று இருக்கிறது, 2012 முதல் நடக்கிறது. வீடில்லாமல் தெருவில் வாழ்ந்தவர்கள்தான் அதில் கைடு. நாங்கள் கணவன் மனைவி இருவரும் போனோம். பிரதான ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு பூங்கா, ஊர்க்காரர்கள் அதை 'ஷெர்வுட்' என்று சொல்வார்களாம், ராபின் ஹுட் காடு. எங்கள் கைடு செக்கில் பேசினார், கூட வந்த பெண் ஆங்கிலத்தில் சொன்னார். எந்தப் பெஞ்சில் படுத்தால் காவலர் எழுப்ப மாட்டார், சூடான காற்று எந்தக் கிராதி வழியாக வரும், பனிக்காலத்தில் இரவு டிராமில் ஏறி ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிவரை தூங்குவது எப்படி, இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் வாழ்க்கையைப் பற்றி நாங்கள் கேட்டோம், சிலதுக்குப் பதில் சொன்னார், சிலதுக்குச் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. பரிதாபம் காட்டப் போவதென்றால் போகாதீர்கள். அவர் தொழில்முறைக் கைடு, அவ்வளவு சுத்தமாக வேலை செய்தார். முடிந்ததும் என் கணவருக்குக் கை கொடுத்து, எனக்கு நம் ஊர் மாதிரி கைகூப்பிவிட்டுப் போனார்.

* * *

வென்செஸ்லாஸ் சதுக்கத்தை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். மகன் வியன்னாவில் இருக்கிறான், அவனோடு போனேன். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்த கதையைக் கைடு தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் வைத்துச் சொன்னார். அன்றைக்குப் பட்ட குண்டுத் தழும்புகளைச் சமீபத்தில் கட்டடத்தைப் புதுப்பித்தபோதும் அப்படியே விட்டிருக்கிறார்கள், தூண்களில் தெரிகிறது. அருங்காட்சியகத்துக்கு எதிரே தரையில் ஒரு வெண்கலச் சிலுவை, கற்களுக்கு அடியிலிருந்து புடைத்துக்கொண்டு வருவதுபோல் கிடக்கிறது. 1969 ஜனவரி 16 அன்று யான் பலாக் என்ற மாணவர் அந்தப் படையெடுப்பை எதிர்த்து அங்கே தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இறந்தார். வயது 20.

நான் கைடிடம் கேட்டேன், கமில் சுவெலபில் என்று ஒருவரைத் தெரியுமா என்று. தெரியவில்லை. 1927இல் இதே ப்ராகில் பிறந்தவர், இங்கே உட்கார்ந்து தமிழ் படித்தவர், சங்கப் பாடலையும் முருகனையும் பற்றி உலகத்துக்கு எழுதியவர், நீங்கள் சொல்லும் அந்த டாங்கிகள் வந்த பிறகு நாட்டைவிட்டுப் போய்க் கடைசியில் நெதர்லாந்தில் பாடம் நடத்தியவர் என்றேன். மகன்தான் மொழிபெயர்த்தான். அந்த இளைஞர் போனை எடுத்துப் பெயரைத் தட்டச் சொன்னார், எழுத்துக் கூட்டிச் சொன்னேன், நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தார். "இந்தியர்கள் வரும்போது இனி இதையும் சொல்கிறேன்" என்றார். தமிழர்கள் வரும்போது என்று திருத்தினேன், அதையும் குறித்துக்கொண்டார். தங்கை போனால் அந்தச் சதுக்கத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா.

* * *

ஐயா, கண்டிப்பாகச் சொல்கிறேன். தம்பி, அந்தப் பித்தளைக் கல்லை நாங்கள் ஒன்றுகூடப் பார்க்கவில்லை, அந்த வருத்தம் இப்போதுதான் வருகிறது. போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ப்ராக் தெருக்களில் பாவியிருக்கும் சிறு சதுரக் கல் தரையில் மெல்லிய செருப்பு உதவாது, அம்மாவுக்கு இரண்டாம் நாள் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட பிறகுதான் நடக்க முடிந்தது. அப்புறம் பணம் மாற்றுவது. கமிஷன் இல்லை என்று போர்டு வைத்திருந்த ஒரு கடையில் யூரோ கொடுத்துவிட்டு, ரசீதைப் பார்த்தால் நல்ல தொகை குறைகிறது. எங்கள் இரண்டாம் நாள் கைடு பெண்மணிதான் சொன்னார், 2019லிருந்து அங்கே சட்டம் இருக்கிறது, 1,000 யூரோ வரைக்கும் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் திருப்பித் தர வேண்டும் என்று. டூரை நிறுத்திவிட்டு என்னோடு கடைவரை நடந்து வந்தார். ரசீதை நீட்டினேன், பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் அம்மாவோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

நீங்கள் எழுதியதையெல்லாம் நேற்று இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தைகளின் படம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். திரும்பி வந்து, "அந்த டாக்டர் பேர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். சொன்னேன். நோட்டை எடுத்து, தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார்.