புதுப்பிப்பு: பிள்ளை பார்க்கும் அக்காவைச் சீக்கிரம் அனுப்பினால் சம்பளம் பிடிக்கலாமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கானாடுகாத்தானில் படைப்புக்கு (முன்னோர்களைக் கும்பிடும் குடும்ப வழிபாடு) நாங்கள் போயிருந்த வாரம், காரைக்குடி வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை நான்கு நாள் மதியமே அனுப்பிவிட்டேன். அந்த அரை நாட்களுக்குப் பணம் பிடிக்கலாமா?

பிடிக்கவில்லை. "நேரத்தை ஒதுக்கி வைத்தது அவர், வேண்டாம் என்றது நீங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் என்னை மாற்றியது. மாதச் சம்பளம் 9,000 ரூபாயை முழுசாகக் கொடுத்தேன். அக்கா முதலில் வாங்கவே இல்லை. "வேலை செய்யலியே தம்பி" என்றார். அப்பத்தா அதட்டித்தான் கையில் வைத்தார்.

நான் எதிர்பார்க்காதது, பிறகு அவர் சொன்னது. எங்களுக்காக மதியச் சமையல் வேலை ஒன்றை விட்டிருக்கிறார். முந்தின நாளே சொல்லியிருந்தால் அந்த நான்கு நாள் அங்கே போயிருப்பாராம். கேட்டதும் மனசு கனத்துவிட்டது.

இப்போது பேசி வைத்திருப்பது: நாங்கள் அனுப்பினால் முழுச் சம்பளம், முந்தின நாள் இரவே தகவல். அவர் சொந்த வேலையாகப் போனால் மாதம் இரண்டு நாள் வரை பிடித்தம் இல்லை.

வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. அக்கா இன்னும் பதியவில்லை; அடுத்த வாரம் நானே கூட்டிப் போகிறேன்.