ஹிஸ், ஹெர் குழப்பம்: தமிழைக் கொண்டு விளக்க முடியுமா?

குவாத்ர் போர்ன் தாய்:
வணக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன், ஆங்கிலக் கட்டுரையில் “டேவிட் லவ்ஸ் ஹெர் மதர்” என்று எழுதியிருக்கிறான். டேவிட் ஆண்பிள்ளை ஆயிற்றே என்று கேட்டால், “அம்மா பெண் அல்லவா?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். அதே கட்டுரையில் மேசையையும் ஷி என்று குறித்திருக்கிறான். நாங்கள் இருப்பது மொரிஷியஸ். வீட்டில், பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி பேசுகிறோம். அவன் பார்ப்பதும் படிப்பதும் பெரும்பாலும் பிரெஞ்சு. தமிழைப் பள்ளியிலும் கோவில் வகுப்பிலும் கற்கிறான். பெயர்ச்சொல், பிரதிப்பெயர் விதிகளை ஒப்பிக்கச் சொன்னால் தடையின்றி ஒப்பிக்கிறான், எழுதும்போதுதான் தவறுகிறான். எவ்வாறு விளக்கலாம்?

ரோஸ் ஹில் ஓய்வாசிரியர்:
அம்மா, பிள்ளை தந்த விடையில் ஒழுங்கான தர்க்கம் இருக்கிறது. ஆனால் அது பிரெஞ்சு மொழியின் தர்க்கம். பிரெஞ்சில் சொன், சா என்பவை உடைமையின் பாலைப் பின்பற்றுவதால், அவனுடைய தாயானாலும் அவளுடைய தாயானாலும் “சா மேர்” தான். ஆங்கிலமோ உடையவர் ஆணா பெண்ணா என்பதை மட்டுமே பார்க்கிறது. கிரியோல் இந்த வேறுபாட்டையே கண்டுகொள்வதில்லை: “லி கொந்தான் சோ மாமா” என்றால் தாயை நேசிப்பவர் அவனா அவளா என்று தெரியாது. (அந்த மாமாவைக் கேட்டுத் தாய்மாமனைத் தேட வேண்டாம்.)

இங்கே தமிழ் நன்றாகக் கைகொடுக்கும். “அவனுடைய தாய்”, “அவளுடைய தாய்” என்று நாம் சொல்லும்போது, தாய் பெண்ணாக இருந்தும் முதற்சொல் உடையவரைக் கொண்டே மாறுகிறது. ஹிஸ், ஹெர் நடப்பதும் அப்படித்தான். ஆகவே எழுதுவதற்கு முன் “யாருடைய தாய்?” என்று தமிழில் கேட்டுப் பழக்குங்கள். மேசைக்கும் இதே வழிதான்: பிரெஞ்சில் “லா தாப்ல்” பெண்பால், தமிழில் மேசை அஃறிணை, ஆகவே அது, ஆங்கிலத்தில் இட். வீட்டு நாயை ஆங்கிலேயர் ஹி, ஷி என்று அழைப்பது செல்லத்தால் வந்த விதிவிலக்கு.

போர்ட் லூயி வாசகர்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் தமிழை நம்ப முடியாது. “ரவி குமாரிடம் தன் பேனாவைக் கொடுத்தான்” என்றால் பேனா ரவியுடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. தன் என்பதற்கு ஆங்கிலத்தில் நிகரான தனிச்சொல் இல்லை. ஹிஸ் என்று எழுதினால் பேனா இருவரில் எவருடையதாகவும் இருக்கலாம். அந்த நிலையில் பிரதிப்பெயரை விட்டுவிட்டுப் பெயரையே மீண்டும் எழுதுவது தெளிவு. நாம், நாங்கள் இரண்டும் ஆங்கிலத்தில் வீ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதையும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று: பிரெஞ்சுப் பழக்கத்தில் நம் பிள்ளைகள் இன்ஃபர்மேஷன்ஸ், ஃபர்னிச்சர்ஸ், அட்வைசஸ் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இம்மூன்றும் ஆங்கிலத்தில் எண்ணப்படாப் பெயர்கள், பன்மை ஏற்பதில்லை. அறை முழுவதும் நாற்காலிகளும் மேசைகளும் இருந்தாலும், ஃபர்னிச்சர் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்தில் அதைச் சுட்டுவது இட் தான், தே அல்ல. பெயர்ச்சொல்லில் நேர்ந்த பிழை பிரதிப்பெயரிலும் தொடர்வது இப்படித்தான்.

குவாத்ர் போர்ன் தாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. “யாருடைய?” என்று கேட்டவுடனே ஹெர் என்பதை அடித்துவிட்டு ஹிஸ் என்று தானே திருத்தினான். ஆனால் உடனே வேறொரு கேள்வி: ஒரு மாணவர் பையைத் தொலைத்துவிட்டார், அவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, அப்போது எதை எழுதுவது?

ரோஸ் ஹில் ஓய்வாசிரியர்:
அங்கே தே, தேர் என்று எழுதலாம். ஒருவரையே குறித்தாலும் தே வருவது பதினான்காம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் உள்ள வழக்கு. இருந்தும் சில ஆசிரியர்கள் “ஹிஸ் ஆர் ஹெர்” என்பதையே விரும்புவதால், வகுப்பில் எது ஏற்கப்படும் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பையனுக்கு இது விந்தையாகத் தோன்றினால், அவர் என்ற சொல்லைக் காட்டுங்கள். பழைய இலக்கணத்தில் பலர்பாலுக்கு உரிய அந்தச் சொல்லால்தான் நீங்களும் இப்போது அந்த ஒரு மாணவரைக் குறித்தீர்கள்.