பொருள்: உள்நாட்டுத் தீர்வழிகளை 'முயன்றுதீர்த்தல்' – இந்தச் சொல் பொருந்துமா?

வணக்கம் ஐயா.

'Exhaustion of domestic remedies' என்ற சட்டத் தொடருக்குத் தமிழில் 'உள்நாட்டுத் தீர்வுகள் தீர்ந்துபோதல்' என்று நீங்கள் முன்வைத்ததை நேற்றிரவு நாலைந்து வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன். எனக்கு ஒட்டவில்லை. பானையில் அரிசி தீர்ந்துபோகும். அதில் யாருடைய முயற்சியும் இல்லை. இந்த விதியோ மனுதாரரின் கடமையைச் சொல்வது. தவற்றைத் திருத்தச் சொந்த நாட்டு நீதிமன்றத்துக்கு முதலில் வாய்ப்புக் கொடு, பிறகு நாட்டுக்கு வெளியே உள்ள நீதிமன்றத்துக்கோ குழுவுக்கோ போ என்கிறது. 'தீர்வு' என்பதும் இடிக்கிறது. தீர்வு கிடைத்துவிட்டால் வெளியே எதற்குப் போகிறோம்? தீர்வு தேடிப் போகும் வழி என்ற பொருளில் 'தீர்வழி'தான் சரி.

'Exhaustion' என்பதற்கு 'முழுமையாகப் பயன்படுத்துதல்' என்று வைத்தால் இருக்கிற வழி அத்தனையும் என்று ஆகிவிடும். 1996இல் துருக்கிக்கு எதிரான அக்திவார் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், எட்டக்கூடிய, பலன் தரக்கூடிய வழியில் மட்டும் போனால் போதும் என்றது. வீடு எரிக்கப்பட்ட அந்தக் கிராமத்தார் உள்நாட்டில் வழக்குப் போடாமல் வந்ததையும் ஏற்றுக்கொண்டது.

எங்கள் செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்தால்தான் பின்வாசல். அதற்காக வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கு) ஒன்றாக இருக்கும் அறைகளையெல்லாம் திறந்து பார்த்துவிட்டா போகிறோம்? பங்காளி வழக்கில் தேவகோட்டை கோர்ட்டில் தொடங்கிய என் அப்பச்சி, "மதுரைக் கிளை வரைக்கும் பாத்துத் தீத்துட்டேன்" என்பார்கள். எனக்குச் சொல் அங்கேதான் கிடைத்தது: முயன்றுதீர்த்தல். அழுது தீர்த்தாள் என்கிறோமே, அந்தத் 'தீர்'.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். "2000இல் இலங்கை உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டு அனுமதியை மறுத்ததோடு சிங்கராசா உள்நாட்டுத் தீர்வழிகளை முயன்றுதீர்த்தார், பிறகு ஐநா மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்." தனக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட தமிழர் அவர். 2004இல் குழு அவர் பக்கம் நின்றது. 2006இல் அதே உச்ச நீதிமன்றம் அந்த முடிவுக்கு உயிர் கொடுக்க மறுத்துவிட்டது. அவரைப் பற்றித் தமிழில் எழுத நம்மிடம் சரியான சொல்கூட இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த இழையை நான் விடாமல் பிடித்திருப்பதும் அதனால்தான்.

'முயன்றுதீர்ப்பு விதி' என்று சுருக்க வேண்டாம். நீதிபதியின் தீர்ப்போடு குழம்பும். 'முயன்றுதீர்த்தல் விதி' என்றே இருக்கட்டும். முயன்றுதீர்க்காத மனு, முயன்றுதீர்த்த நாள் என்றெல்லாம் தடையில்லாமல் வருகிறது. கடைசி உள்நாட்டு முடிவிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போக 2022 முதல் நாலே மாதம்தான் என்பதால் அந்த நாளுக்கும் ஒரு பெயர் தேவை.

எனக்கே ஒரு தயக்கம் உண்டு. 'பேசித் தீர்த்தார்' என்றால் பிரச்சினை முடிந்தது என்றும் பொருள் வருமே. 'தீர்வழிகளை' என்ற செயப்படுபொருள் முன்னால் நின்றால் அந்தக் குழப்பம் போய்விடும் என்று நினைக்கிறேன். இலங்கை நண்பர்கள் தீர்வழியைப் 'பரிகாரம்' என்பார்கள். எங்கள் ஊரில் அது கோயிலுக்குப் போய்ச் செய்வது. 'பரிகாரங்களை முயன்றுதீர்த்தல்' அவர்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து