காலையில் முதல் ஸ்டார்ட்டில் "டொக் டொக்" சத்தம், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் தெரியாது: புரோட்டோன் வீரா 1.5 கார்

கேட்டவர் (சுங்கை சிப்புட்):
வணக்கம். புரோட்டோன் வீரா 1.5 எம்பிஐ, ஆட்டோ கியர், 2003, மீட்டரில் 187,000 கிலோமீட்டர். செகண்ட் ஹேண்ட் காடி. காலையில் ஸ்டார்ட் செய்தால் கனமான தட்டல் சத்தம். எஞ்சின் சூடானதும் சுத்தமாகப் போய்விடுகிறது. தினமும் தோட்டத்திலிருந்து டவுனுக்கும் திரும்பவும் ஓடுவது மட்டும்தான், நீண்ட ஓட்டம் இல்லை. டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் இயக்கும் பல் பெல்ட்) மாற்றிய ரசீதோ ஸ்டிக்கரோ கிடையாது. ஒரு போமன் (பட்டறை மெக்கானிக்), பெல்ட் தேய்ந்துதான் தட்டுது என்கிறார். இன்னொருவர் எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார். எதில் ஆரம்பிப்பது?

ஈப்போ பட்டறை:
தம்பி, சத்தத்தையும் பெல்ட்டையும் தனித்தனியா பாருங்க. பெல்ட் தேய்ந்தால் இப்படிக் கனமாகத் தட்டாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் போனால் உறுமும், இல்லை கீச்சிடும். பெல்ட் தொளதொளவென்று இருந்தால் பிளாஸ்டிக் கவரில் அடித்து "படபட" என்று கேட்கும். ஒரு பல் தாண்டியிருந்தால் இழுவை குறையும், ஐடில் (மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும் வேகம்) ஆடும், ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். நீங்க சொல்றது எஞ்சினுக்குள்ளே இருந்து வர சத்தம். அதனால பெல்ட்டை மறந்துடலாம்னு அர்த்தம் இல்லை. ரசீது இல்லாத பெல்ட்டைக் காலாவதியான பெல்ட்டாகத்தான் கணக்கில் வைக்கணும்.

மூணு விஷயம் சொல்லுங்க. சத்தம் ரெண்டு மூணு வினாடியில் நிற்குதா, இல்லை நிமிஷக் கணக்கில் நீடிக்குதா? சூடான பிறகு மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா திரும்ப வருதா? என்ன எண்ணெய் ஊத்தியிருக்கு?

கேட்டவர்:
ரெண்டு மூணு நிமிஷம் நீடிக்குது அண்ணே. சூடான பிறகு மேட்டிலும் இல்லை. போன தடவை 20டபிள்யூ-50 (கட்டியான ரகம்) ஊத்தினாங்களாம்.

செம்பனை லோரி ஓட்டுநர்:
இன்னும் கட்டியான எண்ணெய் போட்டு, கூடவே எண்ணெய்ல கலக்குற மருந்து ஒரு டின் ஊத்துங்க. சத்தம் அடங்கிடும்.

ஈப்போ பட்டறை:
அண்ணே, சத்தம் அடங்கும்தான், ஆனா காரணம் அப்படியே உள்ளே இருக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கட்டி எண்ணெய் மேலே ஏற நேரம் ஆகும், அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். நம்ம ஊர் காலை 22, 23 டிகிரிதான். பனி விழும் நாட்டில் எண்ணெய் உறைகிற கதை இங்கே இல்லை. 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 இங்கே தாராளமாகப் போதும்.

தம்பி, ரெண்டு மூணு வினாடியில் நின்றிருந்தா முதல் சந்தேகம் ஃபில்டர் மேல. மலிவு ஃபில்டரில் எண்ணெயைத் திரும்ப வடியவிடாத ரப்பர் வால்வு சரியா மூடாது, ராத்திரி முழுக்க எண்ணெய் கீழே இறங்கிடும். உங்களுக்கு நிமிஷக் கணக்கில் வர்றதால வேற மாதிரி தேடணும்:

முதலில் செலவே இல்லாத சோதனை. எஞ்சின் குளிரா இருக்கும்போது ஃபேன் பெல்ட்டுகளைக் கழற்றி, அரை நிமிஷம் மட்டும் ஓட விடுங்க. இந்த எஞ்சினில் வாட்டர் பம்பும் ஃபேன் பெல்ட்டில்தான் ஓடுது, அதனால அதற்கு மேல் ஓட விடக்கூடாது. சத்தம் போயிட்டா ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், ஏர்கோன் புல்லி பேரிங்கைப் பாருங்க. அப்படியே கிராங்க் புல்லி போல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்துடுங்க. போல்ட் தளர்ந்து, புல்லியைத் தண்டோடு பிடிக்கும் சின்ன இரும்புச் சாவி (கீ) தேய்ந்தால், கானரோட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) தட்டுற மாதிரியே கேட்கும். அதைக் கேட்டு எஞ்சினையே இறக்கிடுறாங்க, அநியாயம்.

அடுத்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்). கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருந்தா கசிவு. குளிரில் "டிக் டிக்" என்று கேட்கும், இரும்பு விரிஞ்சதும் மூடிக்கொள்ளும்.

அப்புறம் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேளுங்க. ஃபேன், பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாம பார்த்துக்குங்க. ராக்கர் கவரில் (எஞ்சினின் மேல் மூடி) பலமா கேட்டா வால்வு பக்கம். பிளாக்கின் (எஞ்சின் உடலின்) நடுப்பக்கத்தில் கேட்டா பிஸ்டன். எண்ணெய்த் தொட்டியில் கேட்டா கானரோட் பேரிங்.

பார்ட்ஸ் கடை (கோலகங்சார்):
வால்வு பக்கம்னு தெரிஞ்சா ராக்கர் கவரைத் திறந்து பாருங்க. ராக்கர் முனையில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருந்தா வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடு அளவி) அளக்கணும்: சூடான எஞ்சினில் இன்டேக் 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25. ஸ்க்ரூ இல்லாம ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்றது) இருந்தா திருப்புறதுக்கு ஒண்ணும் இல்லை. முதலில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிக் கேட்டுட்டு, அப்புறம்தான் லிஃப்டர் வாங்குங்க.

ஈப்போ பட்டறை:
இன்னொரு சோதனை: சத்தம் வரும்போதே, எஞ்சின் குளிரா இருக்கையில், ஒவ்வொரு இன்ஜெக்டர் சாக்கெட்டையும் சில வினாடி கழற்றிட்டு மாட்டுங்க. எந்த சிலிண்டரில் கழற்றினா சத்தம் குறையுதோ அதுதான் ஆள். பிளக் வயரை இழுக்காதீங்க. ஷாக் அடிக்கும், காயில் கெடும், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போகும். பிஸ்டன், கானரோட் ரெண்டுமே இதில் குறையும். ரெண்டில் எதுன்னு தெரியுறது சூட்டில்தான்: பிஸ்டன் ஆட்டம் சூடானதும் விரிஞ்சு அடங்கும், கானரோட் எண்ணெய் சூடாகி இளகியதும் இன்னும் பலமாகத் தட்டும்.

கடைசியா பிரஷர் கேஜ். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் மாட்டுங்க. நல்லா சூடான பிறகு ஐடிலில் 80 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 12 பிஎஸ்ஐ, இருக்கணும். அதற்குக் கீழே இருந்தா ஓட்டுறதை நிறுத்துங்க.

கேட்டவர்:
எல்லாம் பார்த்தாச்சு அண்ணே. ஃபேன் பெல்ட் இல்லாமலும் சத்தம் இருக்கு, கிராங்க் போல்ட் இறுக்கமா இருக்கு, மேனிஃபோல்டில் கரி இல்லை. பிளாக்கின் நடுவில்தான் பலமா கேட்குது. 2-வது இன்ஜெக்டரைக் கழற்றினா பாதிக்கு மேல் குறையுது. சூட்டில் ஐடில் பிரஷர் 110 கிலோபாஸ்கல். டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) பெட்ரோல் வாசனை லேசா அடிக்குது. மேல் கவரைத் திறந்தா பெல்ட் ஓரம் எண்ணெயில் நனைஞ்சிருக்கு.

ஈப்போ பட்டறை:
அப்போ 2-வது பிஸ்டன் சிலிண்டரில் ஆடுது. சூட்டில் பிரஷர் நல்லா இருக்கு, சத்தமும் போயிடுது, அதனால ஓவர்ஹால் இப்போ வேண்டாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ளே காற்று அமுங்குற அழுத்தம்) ஒரு தடவை அளந்து வையுங்க. ஒரு சிலிண்டருக்கும் இன்னொண்ணுக்கும் 1 பாருக்கு மேல் வித்தியாசம், நீலப் புகை, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறையுறது, இதில் ஏதாவது வந்தா அப்போ பேசலாம்.

பெட்ரோல் வாசனை குட்டி ஓட்டத்தால வருது. எஞ்சின் முழுசா சூடாகுறதுக்குள்ள நிறுத்திடுறீங்க, எரியாத பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் தங்கிடுது. எண்ணெய் மாற்றும்போது 3 லிட்டர் ஊத்தி, ஓட விட்டு நிறுத்தி, டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்க. 5,000 கிலோமீட்டரில் மாற்றுங்க. வாரத்தில் ஒரு நாள் ஈப்போ வரைக்கும் ஓட்டுங்க. காலையில் நின்ற இடத்தில் ரேஸ் கொடுக்காதீங்க, மெதுவா கிளம்பிடுங்க.

முதல் பணம் பெல்ட்டுக்குத்தான். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப் பல் பெயரும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டனில் மோதி வளையும்.

பார்ட்ஸ் கடை (கோலகங்சார்):
வாங்க வேண்டியது: டைமிங் பெல்ட், டென்ஷனர், கேம் சீல், கிராங்க் முன் சீல் (எண்ணெய் கசியாம தடுக்கும் ரப்பர் வளையங்கள்). சீலை விட்டுட்டுப் பெல்ட் மட்டும் மாற்றினா புதுசும் நனையும். கவரும் டென்ஷனரும் கழன்றிருக்கும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிடுங்க, பிறகு கழற்றினா திரும்ப அதே கூலி. கேட்ஸ், மிட்சுபோஷி, பாண்டோ நல்லவை. போலி பெட்டியும் உலாவுது, தெரிஞ்ச கடையில் வாங்குங்க.

ஈப்போ பட்டறை:
மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்க. 1-வது சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கணும். கேம் கியர் குறி ஹெட் குறியோடும், கிராங்க் கியர் குறி முன் கேஸ் குறியோடும் நேரா நிற்கணும். பெல்ட்டின் தளர்ச்சி முழுக்க டென்ஷனர் பக்கம். பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் கடிகார திசையில் ரெண்டு முழுச் சுற்று சுற்றிட்டு மறுபடி குறி பார்க்கணும். பின்னோக்கிச் சுற்றினா பல் தாண்டலாம். நடுவில் கெட்டியா முட்டினா அழுத்தாதீங்க, வால்வு பிஸ்டனைத் தொடுது. குறி சரியா வராம சாவியைப் போட விடாதீங்க.

கேட்டவர்:
சீலும் பம்பும் சேர்த்தே ஆர்டர் போட்டாச்சு. அடுத்து எப்போ மாற்றணும்?

ஈப்போ பட்டறை:
90,000 கிலோமீட்டர். ஓட்டம் குறைவா இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும், அஞ்சு வருஷத்தில் மாற்றிடுங்க. தேதியும் மீட்டர் கணக்கும் எழுதி மேல் கவரில் ஒட்டி வையுங்க. கம்ப்ரஷன் எண்களையும் இங்கே போடுங்க, பார்க்கிறேன்.