முன் கிராஸ்மெம்பரின் நான்காவது போல்ட் உட்காரவில்லை, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வண்டியின் முன்பக்க அடியில் குறுக்காக இருக்கும் சட்டம்தான் கிராஸ்மெம்பர்; சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்ம் அதில்தான் மாட்டப்பட்டிருக்கும். லோயர் ஆர்ம் பிடிக்கும் இடத்தில் துருவேறி விரிசல் விட்டிருந்த பழைய கிராஸ்மெம்பரைக் கழற்றிவிட்டு, அதே மாடலுக்கான புதியதைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். எஞ்சினை மேலிருந்து தொங்கவிட்டு, ஏர்பேக்குக்கு மின்இணைப்பு தரும் சுருள் நாடாவான கிளாக் ஸ்பிரிங் அறுந்துவிடாதபடி ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவைத்து, ஜாக்கின் மேல் பலகை வைத்துக் கிராஸ்மெம்பரைச் சமமாக ஏற்றினேன். மூன்று போல்ட்டுகள் கையாலேயே ஏறிவிட்டன. வலப்புறப் பின் துளை மட்டும் சேஸிஸில் உள்ள நட்டிலிருந்து ஏறக்குறைய 4 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் மரை பிறைபோல ஒரு கீற்றாகத்தான் தெரிகிறது.

மற்ற மூன்றையும் தளர்த்திவிட்டுக் கடப்பாரையால் நெம்பியும் பயனில்லை. துளையை அரத்தால் ராவி அகலப்படுத்தச் சொன்னார் நண்பர் ஒருவர்; கிராஸ்மெம்பர் அரை விரற்கடை நகர்ந்தாலும் வீல் அலைன்மென்ட் கெடும் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோணல் புதிய உறுப்பிலா, சேஸிஸிலா என்பதை, பழையதன் மூலைவிட்ட அளவுகளோடு ஒப்பிட்டு வீட்டிலேயே உறுதிசெய்ய முடியுமா? லோயர் ஆர்மின் புஷ் (மூட்டிலுள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும், இல்லையேல் ரப்பர் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும் என்பதை அறிவேன். ஆனால் சக்கரங்கள் தரையில் இருக்கையில் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை நுழைக்கவே இடமில்லை. இதைச் செய்து பழகியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். அதுவரை வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும்.