பட்டிங் கேட்: ‘கடவை’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கோல்ஃப் பயிற்சிக் கருவி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குழியை நோக்கிப் பந்தைத் தரையோடு உருட்டி அடிக்கும் பட்டிங் என்பதை உருட்டடி என்றும், அதற்கான கோலான பட்டரை உருட்டுகோல் என்றும் எழுதிவிட்டேன். ஊன்றுகோல், எழுதுகோல் போல அது இயல்பாக உட்கார்ந்துவிட்டது. உருட்டடி பழகுவதற்காக இரண்டு முளைகளை நட்டு அமைக்கும் பட்டிங் கேட்டில்தான் நிற்கிறேன். ‘உருட்டடி வாயில்’ என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

மறுமடல்

தம்பி, வணக்கம்.

வாயில் ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. வாயில் என்றதும் நிலை, கதவு, உள்ளே ஓர் இடம் என்று எல்லாம் சேர்ந்து வந்துவிடும். இந்தக் கருவிக்குக் கதவும் இல்லை, உள்ளும் இல்லை. புல்லில் இரண்டு முளை, நடுவில் ஒரு சந்து. அவ்வளவுதான். திட்டிவாசல் என்று சொல்லிப் பார்த்தால் அழகாக இருக்கிறது, ஆனால் அதற்குப் பெரிய கதவு ஒன்று வேண்டும்.

பெயர் வைக்கும் முன் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். உருட்டடியில் பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் உருட்டுகோலின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். கோல் வீசப்படும் பாதைக்குப் பங்கு குறைவு. பந்து 1 பாகை விலகிப் புறப்பட்டால், 10 அடி போவதற்குள் 2 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே ஒதுங்கிவிடும். குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 2.125. ஒரே ஒரு பாகையில் பந்து விளிம்புக்குப் போய்விடுகிறது! அந்த ஒரு பாகையை நின்ற இடத்திலிருந்து யாராலும் கண்ணால் பிடிக்க முடியாது. பிடித்துக் காட்டுவது இந்த முளைகள்.

பந்துக்கு 20 அங்குலம் முன்னால், 2 அங்குல இடைவெளி விட்டு இரண்டு முளைகளைக் குத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் விட்டம் 1.68 அங்குலம். இருபுறமும் மிஞ்சுவது 0.16 அங்குலம், அரை பாகைக்கும் குறைவு. முளையைத் தொடாமல் போகிற பந்து சமதரையில் 10 அடி உருண்டாலும் நடுவிலிருந்து ஓர் அங்குலம்கூட விலகாது, வேகம் சரியாக இருந்தால் குழி தப்பாது. முளையில் பட்டால் சத்தமே சொல்லிவிடும். குழியில் விழுந்ததா என்று பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். தப்பாக அடித்த பந்தும் சரிவின் தயவில் விழுந்துவிடும், நன்றாக அடித்ததும் வேகம் குறைந்து நின்றுவிடும். சந்து அப்படி ஏமாற்றாது. அது திசையை மட்டும்தான் கேட்கிறது.

இனிதான் முக்கியமான விஷயம். ஆங்கிலத்தில் கேட் என்ற ஒரே பெயரில் இரண்டு அமைப்புகள் ஓடுகின்றன. ஒன்று மேலே சொன்னது, பந்து போகிற சந்து. இன்னொன்று உருட்டுகோலின் தலை போகிற சந்து: பந்தை ஒட்டி, தலையின் இரு நுனிகளுக்கும் வெளியே சற்றே இடம் விட்டு இரண்டு முளை. டைகர் உட்ஸ் பழகுவதாகப் பலரும் பார்த்திருப்பது இது. இங்கே சோதிக்கப்படுவது பந்தின் திசையல்ல. கோலின் தலை விலகாமல் வருகிறதா, பந்து முகத்தின் நடுவில் படுகிறதா என்பது. இரண்டும் வேறு பிழையைக் காட்டுகின்றன, திருத்தும் வழியும் வேறு. இரண்டையும் வாயில் என்றே எழுதினால், கையேட்டைப் படிக்கிற பிள்ளை முளையை எங்கே குத்துவது என்று தெரியாமல் முழிக்கும்.

என் பரிந்துரை ‘கடவை’. கடந்து போகும் இடம், கதவு கிடையாது. பந்து போவது பந்துக்கடவை, கோல் போவது கோற்கடவை. பொதுவாகச் சொல்லும்போது கடவை மட்டும் போதும். உருட்டடி என்பதை ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒட்டவேண்டியதில்லை.

மறுமடல்

அக்கா, இலங்கையில் கடவை நாங்கள் தினமும் புழங்கும் சொல். பாதசாரிக் கடவை, ரயில் கடவை என்று. அதனால் ஒரு சின்னத் தயக்கம்: எங்களுக்குக் கடவை என்றால் ஒரு பாதையைக் குறுக்கே கடப்பது. பந்து குறுக்கே போகவில்லையே? யாழ்ப்பாணத்தில் வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியைக் கடப்பு என்போம். பொருளுக்கு அது இன்னும் கிட்டவாக இருக்கிறது. படலை வேண்டாம், அது திறந்து மூடுவது.

மறுமடல்

கடப்பு அருமையான சொல், பொருளும் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அதைக் கேட்டால் கடப்பாரையும் கடப்பாக் கல்லும்தான் நினைவுக்கு வரும். கடவைக்கு அந்தத் தொல்லை இல்லை. கடவுச்சீட்டு என்று பழகியிருப்பதால் கடந்துபோக விடுவது என்ற பொருள் தமிழ்நாட்டில் உடனே பிடிபடும். குறுக்கு என்ற தயக்கமும் நியாயமானது, அதனால்தான் தனிக் கடவையாக விடாமல் பந்து, கோல் என்று முன்னொட்டோடு முதலில் அறிமுகப்படுத்தச் சொல்கிறேன். பந்துக்கடவை என்று படித்தபின் யாரும் சாலையை நினைக்கமாட்டார்கள்.

தம்பி, இன்னொன்று. கையேட்டில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று சேர்த்துவிடுங்கள். ஆட்டச் சுற்றில் உருட்டடியின் கோட்டைக் காட்ட எந்தப் பொருளையும் தரையில் வைக்க விதி இடம் தருவதில்லை. அப்புறம், டீ (தரையில் குத்தும் சிறு குச்சி) என்று வருகிற இடத்தில் முளை என்றே எழுதுங்கள். தேநீர்க் குழப்பம் தீரும்.

மறுமடல்

நன்றி அக்கா. இப்படி மாற்றிவிட்டேன்: “முதலில் கோற்கடவையை வைத்துப் பழகுங்கள். உருட்டுகோலின் தலை முளைகளைத் தொடாமல் வரத் தொடங்கியதும் பந்துக்கடவையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைவெளியை அகலமாக வைத்துத் தொடங்கி, போகப் போகக் குறுக்குங்கள்.” கண்ணாடிப் பலகைக்கு, அதாவது கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு, நாளை தனி இழை தொடங்குகிறேன்.